ஓ.பி. சீட்டுக்கும் டாக்டருக்கும் நடுவில்

ஏற்காட்டுப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்குப்பிள்ளையாக இருக்கும் நண்பர் கேட்டிருந்தார்: "என் பெரியப்பா மகளுக்கு 24 வயது. இரண்டு வருடமாகத் தன்னைத் தம்பி என்றுதான் கூப்பிடச் சொல்கிறான். எனக்கும் பழகிவிட்டது. ஆறு மாதமாக ஒவ்வொரு மாதமும் ரத்தம் நிற்காமல் போகிறது, ஆள் வெளுத்துப்போய்விட்டான். ஆஸ்பத்திரிக்கு வாடா என்றால் வரமாட்டேன் என்கிறான். அங்கே நமக்குச் சமமாக நடக்காது என்று ஒரே பேச்சு. அரசு ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் ஒரே வரிசை, ஒரே மாத்திரை, எல்லாம் இலவசம். இதில் எங்கே சமம் இல்லாமல் போகிறது?"

நல்ல கேள்வி. முதலில் அவசரமான விஷயம்: ஆறு மாதமாக இப்படி ரத்தம் போகிறவரை இந்த வாரமே கூட்டிப்போக வேண்டும். எப்படி என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். அதற்கு முன்னால், தம்பி சொல்வது வீண் பிடிவாதம் இல்லை என்பதை நீங்கள் புரிந்துகொண்டால்தான் அவன் உங்களோடு பஸ் ஏறுவான்.

நான் சேலம் மாவட்டத்தில் பல வருடம் நம்பிக்கை மைய ஆலோசகராக இருந்தேன். நம்பிக்கை மையம் என்பது அரசு மருத்துவமனைக்குள் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் அறை. பெரும்பாலும் வராந்தாவின் கடைசியில் இருக்கும். அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்ததில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: வரிசை ஒன்றுதான், ஆனால் சீட்டு வாங்கும் இடத்திலிருந்து டாக்டரின் மேஜை வரைக்கும் ஒருவர் எத்தனை பேருக்குத் தன்னை விளக்க வேண்டியிருக்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். உங்களுக்கும் எனக்கும் அது சுழியம். "காய்ச்சல்ங்க" என்றால் போதும். உங்கள் தம்பிக்குக் கவுண்டரில் ஒன்று, வாசலில் செக்யூரிட்டிக்கு ஒன்று, எடை பார்க்கும் நர்ஸுக்கு ஒன்று, ரத்தம் எடுக்கும் இடத்தில் ஒன்று, ஸ்கேன் அறையில் ஒன்று. இதற்கெல்லாம் நடுவில் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மா, "ஏங்கண்ணு, நீ பையனா புள்ளயா?" என்று பாசமாகவே கேட்பார். பாசமாகக் கேட்டாலும் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். இதில் தப்பு என்னுடையதும்கூட.

ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு திருநங்கை அக்கா. சேலம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் கடைகடையாகக் காசு கேட்டுப் பிழைத்தவர். ஒருநாள் காலையில் என் அறைக்கு வந்தார். நான் பார்த்தவுடன் வழக்கம்போலப் பதிவேட்டைப் பிரித்தேன், பேனாவைத் திறந்தேன். "டெஸ்ட் போன மாசம்தான் எடுத்தேன், கண்ணு. நெகட்டிவ். காலப் பாருங்கன்னு சொன்னா யாரும் கேக்க மாட்டேங்குறாங்க" என்றார். அப்போதுதான் குனிந்து பார்த்தேன். வலது கால் கட்டைவிரலில் பழைய புடவைத் துணியைச் சுற்றியிருந்தார். துணி ஈரமாக இருந்தது. அறைக்குள் வந்ததிலிருந்து ஒரு வாடை அடித்துக்கொண்டே இருந்ததும் எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நடந்தது என்னவென்றால், சீட்டு வாங்கிய இடத்திலேயே அவரைப் பார்த்ததும் "கடைசி ரூமுக்குப் போங்க" என்று கையைக் காட்டிவிட்டார்கள். பொது மருத்துவப் பிரிவில் ஒருமுறை வரிசையில் நின்றிருக்கிறார். அங்கேயும் ஒரு ஊழியர், "உங்களுக்குத் தனி ரூம் இருக்குதே" என்று என்னிடமே திருப்பி அனுப்பியிருக்கிறார். ஆக இரண்டு மாதத்தில் அவருக்கு மூன்று முறை எச்.ஐ.வி. பரிசோதனை நடந்திருந்தது. சர்க்கரை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. நானே கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பார்க்க வைத்தேன். 380. விரல் போய்விட்டது, நல்லவேளையாகக் கால் தப்பியது. யாரும் அவரைத் திட்டவில்லை, விரட்டவில்லை. எல்லோரும் மரியாதையாகவே தப்பான அறைக்கு அனுப்பினார்கள். நானும் அதே மரியாதையோடு பேனாவைத் திறந்தேன்.

இது ஏன் இப்படி ஆனது என்று யோசித்தால் நம் பகுதியின் வரலாறும் கொஞ்சம் வருகிறது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1986இல், சென்னையில். நாமக்கல் அப்போது சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தது. லாரித் தொழில், நெடுஞ்சாலை எல்லாம் சேர்ந்து எச்.ஐ.வி. பேச்சு இங்கே சீக்கிரமே வந்தது. பணமும் திட்டமும் அந்த வழியாகத்தான் திருநங்கைகளிடமும் ஆணோடு உறவு வைத்துக்கொள்ளும் ஆண்களிடமும் வந்து சேர்ந்தன. அதனால் நல்லது நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 2021ஆம் ஆண்டு தேசியக் கண்காணிப்புக் கணக்குப்படி நாட்டின் வயதுவந்தோரில் எச்.ஐ.வி. 0.21 சதவீதம், திருநர்களிடம் (பிறப்பில் குறித்த பாலினத்தில் வாழாதவர்கள்) 3.78, ஆணோடு உறவு கொள்ளும் ஆண்களிடம் 3.26. வித்தியாசம் பெரியது, அங்கே கவனம் வேண்டும்தான். ஆனால் கவனம் முழுக்க இடுப்புக்குக் கீழேயே நின்றுவிட்டது. நெஞ்சு வலி, சர்க்கரை, பிரஷர், பல், கண் என்று மற்ற உடம்பெல்லாம் யாருடையதோ போல ஆகிவிட்டது.

பெரிய நோயை விடுங்கள். தண்ணீரைப் பாருங்கள். சேலத்து வெயில் தெரியும்தானே, ஏப்ரல் மாதம் நாலு ரோட்டில் பத்து நிமிஷம் நிற்க முடியாது. அந்த வெயிலில் நாள் முழுக்க அலைகிற திருநங்கைகளிடம் "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்க?" என்று கேட்டால், பலரும் "காலைல ஒரு டம்ளர், அப்புறம் வீட்டுக்குப் போயித்தான்" என்பார்கள். குடித்தால் போக வேண்டும், போக இடமில்லை. பெண்கள் கழிப்பறையில் கூச்சல் போடுவார்கள், ஆண்கள் கழிப்பறையில் சீண்டுவார்கள். விளைவு, சிறுநீர்த் தொற்றும் கல்லும் திரும்பத் திரும்ப வரும். மாத்திரை கொடுத்துக்கொண்டே இருக்கலாம். கழிப்பறை இல்லாதவரை அது தீராது. இதை எந்த டாக்டரும் சீட்டில் எழுத முடியாது.

பழைய முறையில் நிர்வாணம், அதாவது ஆணுறுப்பை நீக்கும் அறுவை, செய்துகொண்ட வயதான திருநங்கைகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஆறிய தழும்பு சுருங்கிச் சிறுநீர்த் துவாரத்தை இறுக்கிவிடும். சிறுநீர் நூல் போல வரும், முக்கி முக்கிப் போக வேண்டியிருக்கும், அடிவயிறு கனத்தே இருக்கும். "நமக்கெல்லாம் இப்படித்தான்" என்று வருடக்கணக்கில் பொறுத்துக்கொள்வார்கள். சிறுநீரகவியல் பிரிவில் அதை விரித்துச் சரிசெய்ய முடியும், விட்டுவிட்டால் சிறுநீரகமே பழுதாகலாம். இதை யாராவது ஜமாத்தில், அதாவது திருநங்கைகள் சேர்ந்து வாழும் குழுவில், போய்ச் சொல்ல வேண்டும். ஒரு குரு நம்பினால் அவருடைய சேலாக்கள், அதாவது சீடர்கள், எல்லோரும் வருவார்கள். நான் ஒரே ஒரு நானியிடம் (குருவுக்குக் குரு) உட்கார்ந்து பேசினேன். அடுத்த வாரம் அவர் நாலு பேரோடு வந்து நின்றார்.

ஹார்மோன் விஷயத்திலும் இதே கதைதான். டாக்டரிடம் விளக்கிச் சொல்லி அலுத்துப்போன திருநங்கைப் பிள்ளைகள் பெண் ஹார்மோனுக்காக மெடிக்கல் ஷாப்பில் கருத்தடை மாத்திரையை வாங்கி நாளைக்கு நாலு, ஐந்து என்று விழுங்குகிறார்கள். அந்த மாத்திரைகளில் இருக்கும் எத்தினைல் எஸ்ட்ராடியோல் ரத்தக்குழாயில் ரத்தத்தை உறைய வைத்துக் கட்டி உண்டாக்கும் ஆபத்துள்ளது. கூடவே பீடி, சிகரெட் இருந்தால் இன்னும் மோசம். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ அது ஓடிப்போய்க் காட்ட வேண்டிய நேரம். டாக்டரின் மேற்பார்வையில் எஸ்ட்ராடியோல் எடுத்து, இடையிடையே ரத்தம் பார்த்துக்கொண்டால் இந்த ஆபத்து வெகுவாகக் குறையும். திருநம்பிகள் (பெண்ணாகப் பிறந்ததாகக் குறிக்கப்பட்டு ஆணாக வாழ்பவர்கள்) ஜிம்மில் கிடைக்கும் டெஸ்டோஸ்டிரோன் ஊசியைப் போட்டுக்கொள்வது இதற்கு அண்ணன். ரத்தம் தடித்துப்போகிறதா என்று பார்க்காமல் அதைத் தொடரக் கூடாது. ஊசி போட்டால் கர்ப்பம் தரிக்காது என்ற நம்பிக்கையும் தப்பு.

சரி, உங்கள் தம்பி பக்கம் வருவோம். மகப்பேறு, பெண்கள் நலப் பிரிவின் வாசலில் பெரும்பாலும் ஒரு செக்யூரிட்டி நிற்பார். "ஆம்பளைங்க வெளிய நில்லுங்க." நியாயமான விதிதான், உள்ளே பெண்கள் சேலையை விலக்கிப் படுத்திருப்பார்கள். ஆனால் கிராப்பு வெட்டி, சட்டை பேண்ட் போட்ட உங்கள் தம்பி அந்த வாசலைத் தாண்டிப் போக வேண்டுமானால், நூறு பேர் பார்க்க, "நான்தான் பேஷண்ட்" என்று சொல்ல வேண்டும். அடுத்த கேள்வியை நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள். பல பேர் அங்கிருந்து திரும்பி நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுகிறார்கள். உங்கள் தம்பியும் ஒருமுறை போய்த் திரும்பியவனாகக்கூட இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

உள்ளே போனால் இன்னொரு கேள்வி காத்திருக்கும்: "கல்யாணம் ஆயிடுச்சா?" நம் ஊர் ஆஸ்பத்திரியில் இந்த ஒரு வார்த்தைக்குள் எத்தனை கேள்வி ஒளிந்திருக்கிறது பாருங்கள். உறவு உண்டா, கர்ப்பமாக வாய்ப்பு உண்டா, உள்ளே பரிசோதிக்கலாமா, தொற்று இருக்குமா எல்லாம் இதற்குள்தான். ஆகவில்லை என்றால் எல்லாவற்றுக்கும் இல்லை என்று டிக் அடித்துவிடுவார்கள். பெண்ணோடு வாழும் பெண் இதற்கு என்ன பதில் சொல்வார்? ஆகவில்லை என்றால் "சீக்கிரம் கல்யாணம் பண்ணிக்கோ, எல்லாம் சரியாயிடும்" என்ற வைத்தியம் கிடைக்கும். முப்பது வயதுக்கு மேல் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு அவரை யாரும் கூப்பிட மாட்டார்கள், கல்யாணமாகாதவர் என்பதால். சேலம் அம்மாப்பேட்டையில் தறி ஓட்டும் இரண்டு பெண்கள் ஒரே வீட்டில் வருடக்கணக்காக இருந்தால் ஊர் "கூட்டாளிங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். அந்த மறைவு அவர்களுக்கு ஒரு வகையில் பாதுகாப்பு. ஆஸ்பத்திரியில் அதே மறைவு பள்ளமாகிவிடுகிறது.

ஆண்களை விரும்பும் ஆண்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் சேலத்தின் சுவர்களைத்தான் காட்ட வேண்டும். ஆண்மை பற்றிய வைத்திய விளம்பரங்களைப் பார்க்காமல் நம் ஊரில் யாரும் வளர்ந்திருக்க முடியாது. லாட்ஜில் அறை எண் போட்டு, "இரண்டு நாள் மட்டும்" என்று வரும் நோட்டீஸ்களும் அப்படித்தான். கல்யாணமாகி, மனைவியிடம் மனம் போகாத ஒருவன், தன் ஈர்ப்பு வேறு என்று சொல்ல வார்த்தை இல்லாமல், அதை நரம்புத் தளர்ச்சி என்று நினைத்து அந்த அறையில் போய் உட்காருகிறான். ஆயிரக்கணக்கில் லேகியம் வாங்குகிறான். பால்வினை நோய் வந்தாலும் அங்கேயேதான். அரசு மருத்துவமனைகளில் சுகவாழ்வு மையம் என்று ஒரு பிரிவு இருக்கிறது, பால்வினை நோய்களுக்கு இலவசமாகப் பார்ப்பார்கள். பெயரில் நோய் இல்லை, அதனால் கூச்சமில்லாமல் போகலாம். எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தால் ஏ.ஆர்.டி. மையத்தில் மருந்து இலவசம். ஒழுங்காகச் சாப்பிட்டு ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் உறவின் மூலம் அடுத்தவருக்குப் பரவாது. 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டப்படி சம்மதமில்லாமல் பரிசோதனை செய்யவோ, முடிவை வெளியே சொல்லவோ கூடாது.

பெற்றோர்கள் கொண்டுவரும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "மாத்த முடியுங்களா?" முடியாது, அதற்கு முயலும் டாக்டர் மீதே இப்போது நடவடிக்கை எடுக்கலாம் என்ற அளவுக்கு வந்திருக்கிறது. தன்பாலீர்ப்பை உலக சுகாதார நிறுவனம் 1990லேயே நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. பாலின அடையாளம் தொடர்பானதையும் மனநோய்ப் பகுதியிலிருந்து 2019இல் நீக்கியது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021இல் கொடுத்த உத்தரவும், அதைத் தொடர்ந்து 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் இப்படி "மாற்றும்" சிகிச்சையைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்ததும் டாக்டர்களுக்குத் தெரியும், தெரிந்திருக்க வேண்டும். யாராவது மாற்றித் தருகிறேன் என்று பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பிள்ளைக்கு மனச்சோர்வு, தூக்கமின்மை, செத்துப்போகலாம் என்ற நினைப்பு இருந்தால் அதற்கு மனநல மருத்துவரைப் பார்ப்பது வேறு விஷயம். கட்டாயம் பார்க்க வேண்டும். அரசின் இலவச மனநல உதவியான டெலிமானஸில், 14416 என்ற எண்ணில், தமிழிலேயே பேசலாம்.

பிரசவ அறையில் தொடங்குவதும் ஒன்று உண்டு. ஆணா பெண்ணா என்று பார்த்ததும் சொல்ல முடியாத உடலமைப்போடு ஒரு குழந்தை பிறந்தால், வீட்டில் ஆள் ஆளுக்கு "ஆபரேஷன் பண்ணி ஏதாவது ஒண்ணாக்கிடுங்க" என்பார்கள். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு, உயிருக்கு ஆபத்து இருந்தால் ஒழிய இப்படிப்பட்ட குழந்தை அறுவை சிகிச்சைக்குத் தமிழ்நாட்டில் தடை. அதே வருடம் அரசாணையும் வந்தது. அவசரம் என்பது தோற்றத்தில் இல்லை. சில குழந்தைகளுக்கு அட்ரினல் சுரப்பிக் குறையால் உடம்பிலிருந்து உப்பு வெளியேறிக்கொண்டே போகும். முதல் இரண்டு மூன்று வாரத்தில் வாந்தி, எடை ஏறாமை, துவண்டுபோதல் என்று வந்து உயிரே போய்விடலாம். அந்த ரத்தப் பரிசோதனையைத்தான் விழுந்தடித்துச் செய்ய வேண்டும். கத்தி காத்திருக்கலாம், அந்தக் குழந்தை வளர்ந்து தானே சொல்லும்வரை.

சட்டங்களைப் பற்றி நிறையப் பேர் நிறைய எழுதியிருக்கிறார்கள், நான் சுருக்கமாகப் போகிறேன். தமிழ்நாட்டில் திருநங்கைகள் நல வாரியம் 2008இலேயே வந்துவிட்டது, இந்தியாவில் முதலில். 2014இல் திருநர்களை மூன்றாம் பாலினமாக ஏற்ற உச்ச நீதிமன்றத்தின் நால்சா தீர்ப்பு. 2019ஆம் ஆண்டு திருநர் பாதுகாப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, ஹார்மோன் சிகிச்சை, அறுவை சிகிச்சை, அதற்கு முன்னும் பின்னும் ஆலோசனை, காப்பீடு, மருத்துவப் பாடத்திட்டத்தைத் திருத்துவது எல்லாவற்றையும் அரசின் பொறுப்பாக எழுதி வைத்தது. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் இதற்கென்றே பல துறை டாக்டர்கள் சேர்ந்து பார்க்கும் பிரிவுகள் நடக்கின்றன. காகிதத்தில் குறை சொல்ல முடியாது. காகிதம் கவுண்டர் வரை வந்து சேர்வதில்தான் பாடு. இந்தியாவின் முதல் திருநங்கை போலீஸ் உதவி ஆய்வாளர் பிரித்திகா யாஷினி நம் சேலத்துக்காரர். அவருடைய விண்ணப்பம் முதலில் தள்ளப்பட்டது எதனால் என்கிறீர்கள்? படிவத்தில் ஆண், பெண் என்று இரண்டு கட்டம்தான் இருந்தது. ஒரு கட்டத்துக்காக உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. ஓ.பி. சீட்டில் இடறுவதும் இப்படி ஒரு கட்டத்தில்தான்.

கையெழுத்து விஷயம் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஆபரேஷன் என்றதும் "ரத்த சொந்தம் யாரு?" என்று கேட்பது வழக்கம். பதினெட்டு வயது தாண்டி, நினைவோடு இருக்கும் நோயாளியின் சம்மதம் அவருடையது மட்டுமே. வீட்டை விட்டு வந்தவர்கள் இது தெரியாமல் சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறார்கள். மனநல சிகிச்சை என்றால் 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி தனக்காக முடிவெடுக்கும் பிரதிநிதியாக யாரை வேண்டுமானாலும் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். துணையாக வாழ்பவரையும் எழுதலாம். நெருங்கிய உறவு யாரும் இல்லாதபோது இறந்தவரின் உடலைத் துணைவர் வாங்கிக்கொள்ளலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2024 ஆகஸ்டில் மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. அதுவரைக்கும் இருபது வருடம் கூட வாழ்ந்தவர் சவக்கிடங்கு வாசலில் வெறும் "ஃப்ரெண்டு"தான்.

இனி மலை. ஏற்காட்டில் இருப்பவருக்கு எல்லாமே இரண்டு பங்கு. அடிவாரத்துக்கு இறங்கவே 20 கொண்டை ஊசி வளைவு. கொட்டச்சேடு, நாகலூர்ப் பக்கம் என்றால் ஏற்காட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேருவதே ஒரு வேலை. பழம் எடுக்கும் பருவத்தில் ஒருநாள் இறங்கினால் ஒருநாள் கூலி போச்சு. இதையெல்லாம்விடப் பெரிய தூரம் ஒன்று இருக்கிறது. மலையில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். கிராம சுகாதார செவிலியர் அத்தை முறை, மருந்து கொடுப்பவர் கூடப் படித்தவர். மக்களைத் தேடி மருத்துவம் வீட்டு வாசலுக்கு மாத்திரை கொண்டுவருகிறது, சர்க்கரைக்கும் பிரஷருக்கும் அது அருமையான திட்டம். ஆனால் யாருக்கும் தெரியக் கூடாத மாத்திரைக்கு வாசல்தான் ஆபத்தான இடம். பக்கத்தில் மருந்து இருந்தும், மலையிலிருந்து இறங்கி, சேலத்தையும் தாண்டி வேறு மாவட்டத்துக்குப் போய் மருந்து வாங்கியவர்களை எனக்குத் தெரியும். பஸ் காசும் பசியும் பெரிது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. "அங்க யாருக்கும் என்னைத் தெரியாதுங்க" என்பார்கள். ஆகவே சமம் என்பதற்காக எல்லாவற்றையும் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். எங்கே வாங்குவது என்பதை அவரே முடிவுசெய்யும்படி விட வேண்டும், அதை ஒரு கேள்வியும் கேட்காமல் செய்ய வேண்டும்.

இப்போது உங்கள் தம்பி.

முதலில் மலையிலேயே, அவனுக்கு எது கூச்சம் குறைவோ அந்த இடத்தில், ஏற்காடு அரசு மருத்துவமனையோ ஆரம்ப சுகாதார நிலையமோ, ஹீமோகுளோபின் மட்டும் பார்த்துவிடுங்கள். விரல் நுனி ரத்தம், அஞ்சு நிமிஷ வேலை, யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அங்கே இருக்கும் டாக்டரிடம் நீங்கள் முன்னாடியே தனியாகப் போய் விஷயத்தைச் சொல்லி, சேலத்துக்கு ஒரு பரிந்துரைச் சீட்டு கேளுங்கள். தம்பியின் சம்மதத்தோடுதான். அதில் ஆதாரில் இருக்கும் பெயர், என்ன தொந்தரவு, எத்தனை மாதமாக, ஹீமோகுளோபின் அளவு, கூடவே "நோயாளி ஆண் உடையில் இருப்பார், உள்ளே அனுமதிக்கவும்" என்று ஒரு வரி இருந்தால் போதும். வாசலில் வாய் திறக்க வேண்டாம், சீட்டை நீட்டினால் போதும்.

போக வேண்டிய இடம் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மருத்துவக் கல்லூரி என்று ஆட்டோவில் சொன்னால் சில பேர் இரும்பாலை ரோட்டில் இருக்கும் கல்லூரிக்குக் கொண்டுபோய்விடுவார்கள். மருத்துவமனை ஊருக்குள், கலெக்டர் ஆபீஸ் பக்கம். ஓ.பி. காலை நேரத்தில்தான், அதனால் விடிகாலை பஸ்ஸையே பிடியுங்கள். தம்பிக்கு விருப்பமிருந்தால் திருநர் அடையாள அட்டை பற்றி கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் சமூக நல அலுவலகத்தில் விசாரிப்பதை அதே நாளில் முடிக்கலாம். அவனுக்கு மனமில்லை என்றால் விடுங்கள், ரத்தம் நிற்பதற்கு அட்டை தேவையில்லை.

டாக்டர் கேட்கப்போவதை அவனுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இந்த வயதில் இப்படி ரத்தம் போவதற்குச் சினைப்பை நீர்க்கட்டிகள், தைராய்டு, கருப்பையில் சதைக்கட்டி, ரத்தம் உறையாத குறை என்று பல காரணம் இருக்கலாம். கர்ப்பப் பரிசோதனை எல்லோருக்கும் எடுப்பார்கள், அதைச் சந்தேகம் என்று நினைக்க வேண்டாம். யாரிடமாவது ஹார்மோன் ஊசி போட்டிருந்தால் அதை மறைக்கக் கூடாது. மார்பை கிரேப் பேண்டேஜால் இறுக்கிக் கட்டுகிறவனாக இருந்தால் அன்றைக்கு மட்டுமாவது வேண்டாம் என்று சொல்லுங்கள், ஏற்கெனவே ரத்தம் குறைந்த உடம்பில் மூச்சு வாங்கும். உள்ளே விரல் வைத்தோ கருவி வைத்தோ பரிசோதிப்பது அவன் சம்மதித்தால் மட்டும்தான். "வயித்து மேல ஸ்கேன் எடுத்துப் பாருங்க டாக்டர்" என்று கேட்கலாம், பெரும்பாலும் அதிலேயே விஷயம் தெரிந்துவிடும். இதற்கிடையில் மணிக்கு ஒரு நாப்கின் முழுசாக நனைகிற அளவுக்குப் போனாலோ, எழுந்தால் கண் இருட்டினாலோ, எந்தச் சீட்டுக்காகவும் காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

அன்றைக்கு நீங்களும் எஸ்டேட்டில் லீவு சொல்லிவிட்டுக் கூடப் போங்கள். கவுண்டரில் நின்று சீட்டு வாங்குவது, வாசலில் பரிந்துரையைக் காட்டுவது, பெஞ்சில் பக்கத்து அம்மாவின் கேள்விக்கு "என் தம்பிங்க, வயித்து வலி" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மழைக்கு மாற்றுவது, மூன்றும் உங்கள் வேலை. வயிற்று ஸ்கேனுக்கு மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும், ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள். தம்பி தயங்குவான். அவன் குடிக்க ஆரம்பிக்கும் முன்னாலேயே, ஸ்கேன் அறைக்குப் பக்கத்தில் அவன் கூச்சமில்லாமல் போகக்கூடிய கழிப்பறை எது, அதன் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று நீங்கள் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.